கண்ணில்லாமல் போன நாற்பது ஆந்தைகள்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று முதலாளியம்மா கேட்டார். நேரில் வந்து பேசினால் பாதியிலேயே கோபப்பட்டு எழுந்து போய்விடுவேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மரத்தை எப்படி அறுப்பது, உளியை எப்படித் தீட்டுவது, வார்னிஷ் எத்தனை தடவை அடிப்பது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சின்னையா சொல்லித் தருவார், என்னைவிடப் பொறுமையாகவே சொல்லித் தருவார். நான் எழுதப்போவது என் கையால் நடந்த இரண்டு தப்புகளைப் பற்றி.

முப்பது வருஷத்துக்கு மேல் நான் கோயில் வாகனம் செய்தவன். குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பட்டறையில் குதிரை, மயில், சிம்மம், யாளி என்று செதுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய புயல் அடித்து ஆலங்குடிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததே, அதற்கு அடுத்த வருஷம் ஒரு செய்தி வந்தது. ஒரு பெண் விழுந்த பலாமரங்களையெல்லாம் வாங்கி அடுக்குகிறாள், மந்திரக்கோல் செய்து விற்கப்போகிறாளாம் என்றார்கள். வெளிநாட்டு மாயாஜாலப் படங்களில் ஆளுக்கொரு கோலை நீட்டி நெருப்பு வரவழைக்கிறார்களே, அந்தக் கோல். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஒன்று கையில் வேண்டும் என்று கேட்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. வாகன வேலை வருஷத்தில் பாதி நாள் இருக்காது என்பதால் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தேன். சின்னையாவும் அதே வாகனப் பட்டறையிலிருந்து என் பின்னாலேயே வந்துவிட்டார்.

முதலாளியம்மாவுக்கு அப்போது இருபத்தாறு வயது. பி.காம். படித்தவர், உளியைப் பிடிக்கத் தெரியாது. என்னை "பெரியப்பா" என்பார். நான் "தாயி" என்பேன். இந்தத் தொழிலில் எனக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்கள் என்றால் அது அவர்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அன்றைக்கு இருந்தது, இப்போது இல்லை.

முதல் தப்பு சின்னது. ஒரு படத்தைக் காட்டி அதே மாதிரி கோல் வேண்டும் என்றார். படத்தில் இருந்த கோல் நடுவில் லேசாக வளைந்து, பிடியில் ஒரு முடிச்சு துருத்திக்கொண்டு, பார்க்கவே நோஞ்சானாக இருந்தது. நான் அதை நேராக்கி, முடிச்சைச் சீவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா இருக்கு பெரியப்பா. ஆனா இது அது இல்லையே."

"அதுல இருந்த கோணலை எடுத்துட்டேன் தாயி."

"அந்தக் கோணலுக்குத்தான் கேக்குறாங்க. நேரா வேணும்னா ஒரு பூரிக்கட்டையை வாங்கிட்டுப் போயிருவாங்களே."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. வாகனத்தில் ஒரு குறை இருந்தால் அதைத் திருத்துவது எங்கள் கடமை. இங்கே குறையைத் திருத்தினால் அது வேறு பொருளாகிவிடுகிறது. வளைவை வளைவாகவே செதுக்க எனக்கு ஒரு மாசம் பிடித்தது. நேராகச் செதுக்குவதைவிட அது கஷ்டம், செய்து பார்த்தால் தெரியும்.

இரண்டாவது தப்பு பெரியது. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தக் கொட்டகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் உட்கார்ந்து வேலை செய்கிறீர்களே, அதே கொட்டகைதான். முதலாளியம்மாவின் அப்பா வளைகுடாவில் இருபது வருஷம் உழைத்துவிட்டு வந்து, முந்திரிக் கொட்டை மூட்டைகள் அடுக்குவதற்காகக் கட்டியது. மகள் கேட்டாள் என்பதற்காக ஒரு வருஷம் விட்டுக்கொடுத்திருந்தார். வருஷம் முடிகிறபோது மந்திரக்கோல் வியாபாரம் கால் ஊன்றவில்லை என்றால் கொட்டகை முந்திரி வியாபாரிக்குப் போகும், மகள் ஏதாவது ஆபீசில் வேலை தேட வேண்டும். அது பேச்சு. நாங்கள் செதுக்குகிறவர்கள் ஐந்து பேர், பெட்டி கட்டுகிற பெண்கள் இரண்டு பேர். ஏழு குடும்பமும் அந்த ஒரு வருஷத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தோம்.

பதினோராவது மாசம் அந்த ஆர்டர் வந்தது. சென்னையில் அந்தப் படங்களின் ரசிகர்கள் வருஷம் ஒரு முறை ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். அவர்களில் நாற்பது பேர் சேர்ந்து ஒரே மாதிரிக் கோல் கேட்டார்கள். பிடியின் தலையில் ஆந்தை உட்கார்ந்திருக்க வேண்டும். அதுவரை எங்களுக்கு ஒன்று, இரண்டு என்றுதான் ஆர்டர் வரும். இது நன்றாகப் போனால் அடுத்தடுத்து அவர்கள் மூலமாகவே வரும் என்று முதலாளியம்மா சொன்னார். என் மனைவி மட்டும் "காலங்காத்தால எந்திரிச்சு ஆந்தை மூஞ்சியிலயா முழிக்கப் போறீக" என்று சலித்துக்கொண்டாள்.

ஆந்தைகள் நன்றாகவே வந்தன. இறகு இறகாக எடுத்தோம். மூக்கு, காது மயிர், கிளையைப் பிடித்திருக்கும் நகம், எல்லாம் வந்தது. கண் மட்டும் எடுக்கவில்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மழமழப்பான மேடு, அவ்வளவுதான்.

ஏன் எடுக்கவில்லை என்று கேட்பீர்கள். வாகனத்துக்குப் பட்டறையில் கண் திறப்பதில்லை. வேலை முழுக்க முடிந்து, கோயிலில் கொண்டுபோய் இறக்கி, நல்ல நேரம் பார்த்து, எதிரில் கண்ணாடியோ பசுவும் கன்றுமோ நிறுத்தி, அதன் பிறகுதான் கண் திறப்பார்கள். திறந்த கண் முதலில் நல்லதைப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். முப்பது வருஷம் இப்படியே செய்த கை அது. ஆந்தைத் தலை என்று வந்ததும் கண்ணை விட்டுவிட்டு மிச்சத்தை முடித்துவிட்டது. சின்னையாவுக்கும் அதே பழக்கம், அவரும் விட்டுவிட்டார். மற்ற மூன்று பேரும் நாற்காலி, மேஜை செய்து வந்தவர்கள். பெரியவர்கள் விட்டிருக்கிறார்கள் என்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். முதலாளியம்மாவுக்கு வந்த படம் பக்கவாட்டில் எடுத்தது, கண் இருக்கும் இடம் ஒரே இருட்டு. இதுதான் மாதிரி போலிருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். நீளம் பார்த்தார், எடை பார்த்தார், பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். ஏழு பேரில் ஒருவர்கூட ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரியாதவர்கள் கேட்காததைவிட, தெரிந்தவன் நான் சொல்லாததுதான் பெரிய தப்பு. எனக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை காலையில் அந்தக் கூட்டத்தை நடத்துகிற தம்பி ஒருவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு போன் செய்தார். முதலாளியம்மா போனைக் கையில் பிடித்தபடியே என் முன்னால் வந்து நின்றார்.

"பெரியப்பா, ஆந்தைக்குக் கண்ணு எங்க?"

"அங்க போயித்தான் தொறக்கணும் தாயி."

"எங்க போயி?"

"போற எடத்துல."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. யார் திறப்பது? எந்தக் கோயில்? ஆந்தைக்கு முகத்தில் கண்ணைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அந்த நேரத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீங்க பாத்துத்தானே அனுப்புனீங்க" என்றேன். இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது. ஒரு தப்பு தெரிந்த முதல் நிமிஷத்தில் நம் வாயில் என்ன வருகிறது என்று கவனியுங்கள். எனக்கு வந்தது அதுதான்.

அவர் அங்கேயே நின்றபடி போனில் பேசினார்.

"மறந்து போயி விட்டது இல்லைங்க. எங்க பக்கம் கண்ணைக் கடைசியா, வாங்குறவங்க இருக்குற எடத்துல வச்சுத்தான் தொறப்பாங்க. அதை ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லாதது எங்க தப்பு. நாளைக்குக் காலையில நானே ஆளைக் கூட்டிட்டு வாரேன். பெட்டியைத் திருப்பி அனுப்பிறாதீங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அந்தத் தம்பி, பத்து மணிக்குக் கதவைத் திறப்போம், அதற்குள் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடுவோம் என்றாராம். சின்னையாவுக்குப் பஸ் ஏறினாலே வாந்தி. அதனால் நானும் முதலாளியம்மாவும் மட்டும் கிளம்பினோம்.

ஞாயிறு ஆறு மணிக்கெல்லாம் மண்டப வாசலில் நின்றோம். சாவி வைத்திருந்தவர் எட்டரைக்குத்தான் வந்தார். மிச்சம் இருந்தது ஒன்றரை மணி நேரம். நாற்பது ஆந்தை, எண்பது கண். ஒரு கண்ணுக்கு இரண்டு வளையமும் நடுவில் ஒரு குழியும் எடுக்க வேண்டும், நிதானமாகச் செய்தால் மூன்று நிமிஷம். கணக்குப் போட்டாலே முடியாது என்று தெரிகிறது. ஆனாலும் குனிந்து உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். பட்டறையில் கோலை மரத்தாலான பிடியில் இறுக்கி வைப்போம். அங்கே அதுவும் இல்லை, தொடைகளுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டேன். எட்டாவது ஆந்தையில் உளி வழுக்கிவிட்டது. கண்ணிலிருந்து மூக்கு வரை ஒரு கீறல், நல்ல ஆழம்.

முதலாளியம்மா அந்தத் தம்பியிடம் பேசுவதற்காக வெளியே போயிருந்தார். நான் என்ன செய்தேன் என்றால், மரத்தூளையும் பசையையும் குழைத்துக் கீறலில் அப்பி, விரலால் தேய்த்து, அந்தக் கோலை மற்றதற்கெல்லாம் அடியில் வைத்துவிட்டேன். எல்லாத் தச்சனுக்கும் தெரிந்த வேலைதான் அது. அடுத்ததை எடுத்தபோது அவர் உள்ளே வந்தார்.

"நிறுத்துங்க பெரியப்பா."

"இன்னும் முப்பத்திரண்டு கெடக்கு தாயி!"

"ஒங்க கை நடுங்குது. இப்படியே போனா மிச்சம் எல்லாத்தையும் கெடுத்துருவோம். கதவு தொறக்கட்டும். ஆளுங்க வரட்டும். அவங்க முன்னாடியே தொறங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நா என்ன கூட்டத்துல வித்தை காட்டுறவனா?" என்றேன்.

"கோயில்ல மட்டும் கூட்டம் இல்லாமயா தொறப்பாங்க?"

நான் உளியைக் கீழே வைத்தேன். அவர் மறுபடி வெளியே போய் அந்தத் தம்பியிடம் அரை மணி நேரம் வாதாடினார். பத்து மணிக்கு முடியாது, அவசரப்பட்டால் கெட்டுவிடும், ஆனால் ஒவ்வொருவரும் தன் கோலுக்கு எதிரிலேயே உட்கார்ந்து கண் திறப்பதைப் பார்க்கலாம் என்றார். ஒப்புக்கொள்ளாவிட்டால் எல்லாமே போயிற்று என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், முடியாததை முடியும் என்று சொல்லவில்லை. உங்களுக்கும் ஒரு நாள் இந்த நிலைமை வரும். வரும்போது இந்த இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பி ஒருவழியாகத் தலையாட்டினார். கதவைத் திறந்ததும் அந்தப் படங்களில் வருகிற மாதிரி கறுப்பு அங்கி போட்டவர்களும், கழுத்தில் வரிவரியான துண்டு சுற்றியவர்களும் திமுதிமுவென்று வந்து வரிசையில் நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் அல்ல, மீசை நரைத்தவர்கள்கூட இருந்தார்கள். முதலில் உட்கார்ந்தவரிடம், "கோலோட நுனியை அழுத்திப் பிடிச்சுக்கங்க" என்றேன்.

"நான் எதுக்குங்க பிடிக்கணும்?"

"பிடிக்க வேற ஆள் இல்லீங்க."

உண்மையும் அதுதான். அவர் பிடித்ததும் ஆந்தையின் முகம் நேராக அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றது. கண்ணை எடுத்து, தூளை ஊதிவிட்டு, பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன்: "மொத மொதல்ல ஒங்களத்தான் பாக்குது." அவர் எழுந்து போய்ப் பின்னால் நின்றவர்களிடம் அதைச் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொருவராகத் தலையைக் கோதி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே கண் எடுத்து முடித்திருந்த கோல் கிடைத்த ஏழு பேருக்கு வருத்தம். அவர்களுக்காக நடுக்குழியை இன்னும் கொஞ்சம் ஆழமாக்கிக் கொடுத்தேன். என் கை நடுக்கம் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது.

மத்தியானம் இரண்டு மணிக்கு வரிசையில் கடைசியாக ஒரு அம்மா நின்றார். ஐம்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிற வேலையாம். மேஜை மேல் மிச்சம் இருந்தது ஒரே ஒரு கோல், நான் பசை அப்பி வைத்தது. அந்தத் தம்பி பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பசை காய்ந்திருந்தது, நிறமும் ஒத்துப்போயிருந்தது. கண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது.

வாகன வேலையில் இப்படி எத்தனையோ இடத்தில் அப்பியிருக்கிறேன். மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அப்போதெல்லாம் வாங்குகிறவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முப்பத்தொன்பது பேர் முகத்தைப் பார்த்தாயிற்று. நாற்பதாவது முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"அம்மா, இது காலையில என் கை தவறிப் போனது. தூளை வச்சுப் பூசியிருக்கேன். தள்ளி நின்னு பாத்தா தெரியாது. ஒங்களுக்குப் புதுசு ஒண்ணு செஞ்சு, கண்ணும் எடுத்து, பார்சல்ல அனுப்பிவிடுறேன்."

முதலாளியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அதுவரை தெரியாது.

அந்த அம்மா கோலை வாங்கிக் கீறலைத் தடவிப் பார்த்தார். "பார்சல்ல வேணாங்க" என்றார். "கண்ணை அங்கேயே தொறந்துட்டு அனுப்புனா அது முதல்ல அட்டைப்பெட்டியைத்தானே பாக்கும்? உங்க ஊர் எங்க இருக்கு? நான் வரேன்."

வாய்வார்த்தைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் முதலாளியம்மா திருச்சி தாண்டும்வரை என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம், "என்கிட்ட சொல்லியிருக்கலாம் பெரியப்பா" என்றார். "ஆமா தாயி" என்றேன்.

மூன்று வாரம் கழித்து வருஷக் கெடு முடிந்தது. நாற்பது கோல் போனது முதலாளியம்மாவின் அப்பாவுக்குப் பெரிதாகப் படவில்லை. "ஒரு கூட்டத்துக்கு வித்தா அது வியாபாரமா? அடுத்த வருஷம் யாரு வாங்குவா?" என்று மகளிடம் கேட்டுவிட்டு, முந்திரி மூட்டை எத்தனை வரிசை அடுக்கலாம் என்று பார்க்க அளவு டேப்போடு கொட்டகைக்கு வந்துவிட்டார். முதலாளியம்மா ஒரு ஓரமாக நின்றார். நாங்கள் யாரும் நிமிரவில்லை. அப்பா டேப்பை இழுக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது ஆலங்குடியிலிருந்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. அந்த லேப் அம்மா இறங்கினார். வாசலில் நின்றவர் முதலாளியம்மாவின் அப்பா என்பதால் அவரிடமே கேட்டார்.

"ஆந்தைக்குக் கண்ணு தொறக்கறது இங்கதானுங்களா?"

அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வழிவிட்டார். "உள்ள வாங்க" என்றார்.

புது ஆந்தையைச் செய்து தயாராகத்தான் வைத்திருந்தேன். அந்த அம்மாவை எதிரில் உட்காரவைத்து நுனியைப் பிடிக்கச் சொன்னேன். கொட்டகைக்குள் வெளிச்சம் பத்தவில்லை. வாசல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தோம். அங்கே முதலாளியம்மாவின் அப்பா மறைத்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது" என்றேன். கொட்டகைக்குச் சொந்தக்காரரையே விரட்டுகிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. அவர் மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றார். இரண்டு கண்ணும் முடிகிறவரை அசையவில்லை. தூளை ஊதினேன். அந்த அம்மா ஆந்தையைப் பார்த்தார், அது அவரைப் பார்த்தது. அவர் கண் கலங்கியது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

முதலாளியம்மாவின் அப்பா கிட்ட வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்காகவா சென்னையிலேருந்து வந்தீக?"

"ஆமாங்க. என் கூட வேலை பாக்குறவங்க ரெண்டு பேரு தங்களுக்கும் வேணும்னு கேட்டாங்க. அடுத்த மாசம் அவங்களையும் கூட்டிட்டு வரேன்."

அவர் மேற்குச் சுவருக்குப் போய், டேப்பின் ஒரு முனையை மகளிடம் நீட்டினார்.

"இதைப் பிடி ஆத்தா. இங்கிட்டு ஒரு ஜன்னல் வச்சாத்தான் வெளிச்சம் வரும்." என் பக்கம் திரும்பி, "எவ்வளவு அகலம் வேணுங்க?" என்று கேட்டார்.